சுரங்கம் மூடப்படும் என்று எனக்குத் தெரிந்திருந்தது

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. காலை பத்து மணியாகியும் நீ பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாய், நலமாகத்தான் இருக்கிறாய். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அம்மா சிரித்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். எனக்கு வாயால் சொல்ல வராதவை எழுத்தில் வரும் என்பது உனக்குத் தெரியும். உனக்கு என் எழுத்தை வாசிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். சூரியன் வராத மாதங்களில் அம்மா உன்னைக் குசினி மேசையில் இருத்தி எழுத்துப் பழக்கியது வீண்போகவில்லை. மெதுவாக வாசி. அவசரம் ஒன்றுமில்லை. நீ போவதற்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே ஒன்று கேட்டாய். "அப்பா, அண்டைக்கு ஏன் ஹொலிடே எண்டு சொன்னனீங்கள்?" பத்து வருஷமாக நீ கேட்காத கேள்வி. உனக்கு அந்த வயதில் விளங்கியிராது என்று நான் ஏதோ சமாளித்தேன். ரெலிபோன் அடித்தது, நீ எழும்பிப் போய்விட்டாய். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. சரியான பதிலைச் சொல்வதென்றால் அந்த ஊரின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீ அங்கே வளர்ந்தவன்தான், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த ஊரும் தகப்பனுக்குத் தெரிந்த ஊரும் ஒன்றல்ல.

நீ இப்போது போகிற வைரச் சுரங்கத்தில் குடும்பங்களுக்கு இடமில்லை என்று சொன்னாய். இந்தத் தொண்ணூறுகளில் தொடங்குகிறவை எல்லாம் அப்படித்தானாம். ஆட்களைப் பிளேனில் ஏற்றிக் கொண்டுபோய், இரண்டு கிழமை வேலை வாங்கி, திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம். எங்கள் காலத்தில் ஊரையே கட்டினார்கள். நான் ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருஷம் சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பேர் இருந்த அறையில் படுத்து, ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் குசினியில் கோப்பை கழுவினேன். இலங்கையில் சிமெந்துத் தொழிற்சாலை லாபில் எட்டு வருஷம் இருந்தவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒருநாள் பேப்பரில், வடக்கே திறக்கப்போகும் ஈய, துத்தநாகச் சுரங்கத்துக்கு லாப் வேலை தெரிந்த ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. நூல்நிலையத்தில் போய் வரைபடத்தில் இடத்தைத் தேடினேன். மரங்கள் முடிகிற கோட்டைத் தாண்டி, தாளின் மேல் விளிம்புவரை விரலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த விளம்பரத்தில் "குடும்பத்துக்கு வீடு தரப்படும்" என்று ஒரு வரி இருந்தது. உன்னையும் அம்மாவையும் நான் பிரிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. மிச்சத்தை நான் வாசிக்கவில்லை.

நான் போய் இறங்கியபோது அங்கே பத்துப் பன்னிரண்டு கொட்டகைகளும், கடலோரம் ஒரு துறையும், மலையில் இரண்டு குகை வாசல்களும்தான். கோடையில் பனிக்கட்டி உடைகிற ஆறேழு கிழமைக்குள் கப்பல் வந்து போக வேண்டும். ஒரு வருஷத்துக்குத் தேவையான மா, சீனி, எண்ணெய், ஆணி, பள்ளிக்கூடக் கரும்பலகை எல்லாம் அதில்தான் வரும். வருஷம் முழுக்கத் தோண்டிக் குவித்த தாதெல்லாம் அதில்தான் போகும். முதல் கப்பலில் வீடுகள் துண்டு துண்டாக வந்தன. அடுத்த கோடையில் நீயும் அம்மாவும் வந்தபோது உனக்கு இரண்டு வயது. மூன்றாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வருஷம் நீச்சல் குளம். வெளியே மூச்சு விட்டால் மீசை உறைகிற இடத்தில், உள்ளே வெந்நீரில் நீ தவளைமாதிரி நீந்திக்கொண்டிருந்தாய். நிலம் உறைந்துபோய் இருப்பதால் தண்ணீர்க் குழாய்களைப் புதைக்க முடியாது. மரப்பெட்டிக்குள் வைத்து நிலத்துக்கு மேலே ஓடவிட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிகள்தான் தெரு. நீயும் ஜோனசியும் அதன்மேல் ஓடித்தான் பள்ளிக்கூடம் போவீர்கள். ஜோனசியின் தகப்பன் கடலுக்கு அந்தப் பக்கத்து இனுவிட் பழங்குடி ஊரிலிருந்து வந்து சுரங்கத்தில் லொறி ஓட்டிய மனிதர், நல்ல வேட்டைக்காரர். அவர் தந்த மீனை அம்மா புளிவிட்டுக் காய்ச்சுவார். மாசி மாதத்தில் சூரியன் முதல் தடவை மலைக்கு மேலே நெற்றியைக் காட்டுகிற நாளில் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவார்கள். ஊரே வெளியே வந்து நிற்கும். பதின்மூன்று வருஷம், தம்பி. என் வாழ்க்கையில் அவ்வளவு காலம் நிம்மதியாக நான் வேறெங்கும் இருக்கவில்லை. அதை நீ முதலில் தெரிந்துகொள்.

நிசாம் அங்கிளை உனக்கு நினைவிருக்கும், ஆனால் அவன் எப்படி அங்கே வந்தான் என்று தெரியாது. மன்னார்ப் பக்கத்து ஆள். சண்டை தொடங்கிய பிறகு கனடாவுக்கு வந்து, சாப்பாட்டுக் கொன்ராக்ட் எடுத்த ஒரு நிறுவனத்தோடு எங்கள் ஊர்ச் சாப்பாட்டு மண்டபத்துக்குச் சமையல் உதவியாளாக வந்து சேர்ந்தான். முந்நூறு பேருக்கு நடுவில் திடீரென்று ஒருவன் தமிழில் "சோறு இன்னும் கொஞ்சம் போடவா, அண்ணை?" என்று கேட்டபோது நான் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் இருப்பான். மனைவி ஹாஜரா மன்னாரில் அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை. கைக்குழந்தையாக அவன் விட்டுவந்த மகள் அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள். அந்தப் படத்தை அவன் சட்டைப் பையில் வைத்திருந்து வைத்திருந்து மூலை எல்லாம் மடங்கிவிட்டது.

இனி என் லாப் வேலைக்கு வருகிறேன். சுரங்கத்தில் அன்றன்று தோண்டிய கல்லும், புதிதாகத் துளைபோட்டு எடுத்த கல்லும் என்னிடம்தான் வரும். இடித்து, அமிலத்தில் கரைத்து, அதில் எவ்வளவு ஈயம், எவ்வளவு துத்தநாகம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு இலையுதிர்காலத்தில் மலையின் தூரப் பக்கத்தில் போட்ட துளைகளின் கல் வந்தது. வெறும் கல். அடுத்த பெட்டியும் வெறும் கல். மெஷினில் பிழையோ என்று கழுவித் துடைத்துத் திரும்பப் பார்த்தேன். பனிக்காலம் முழுக்க வந்த பெட்டிகள் எல்லாம் அப்படித்தான். தாது அந்தப் பக்கத்தோடு முடிந்துவிட்டது; கையிலிருப்பதைத் தோண்டினால் இரண்டு, கூடினால் மூன்று வருஷம். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்த எண்கள் உன் லாபுக்கும் என் மேசைக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம் சூரியன் திரும்பி வந்த கிழமையில்தான் நிசாம் ஒரு விண்ணப்பப் பத்திரத்தைக் கொண்டுவந்தான். குடும்ப வீட்டுக்குரியது. அவனுக்கு ஆங்கிலம் எழுத வராது, நான்தான் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பேனாவை நான் எடுத்தபோது கேட்டான், "அண்ணை, மனுசியையும் பிள்ளையையும் நம்பிக் கூப்பிடலாமா? இந்த இடம் நிக்குமா?"

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கென்ன தெரியும், நிசாம். மேலிடத்துக்குத்தான் தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு அந்தப் பத்திரத்தை என் நல்ல கையெழுத்தில், ஒரு வெட்டுத் திருத்தம் இல்லாமல், நிரப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் மே மாதம் ஹாஜரா மகளோடு வந்து இறங்கினாள். அவள் வந்த பிறகு அந்த ஊர் இன்னும் அழகாகிவிட்டது என்று அம்மா சொல்லுவார். யன்னலோரம் தகரப் பேணிகளில் தக்காளி வைத்து, இருபத்துநாலு மணித்தியாலமும் வெயில் விழுகிற கோடையில் காய்க்கவைத்தாள். ஜோனசியின் தாயிடம் தோல் தைக்கப் பழகினாள். அவள் மன்னார்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். லீவு முடிகிற நேரம், ஏப்ரலில், எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் வாசித்தாள். வேலையை விடுவதாக எழுதியிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் லீவை நீட்டலாம்தான், ஆனால் தன் இடத்துக்காக ஊரில் வேலையில்லாத ஒரு இளம் ஆசிரியை காத்திருப்பாள், இனி இங்கேயேதானே இருக்கப்போகிறேன் என்றாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்தார். நிசாம் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடிதத்தில் ஒரு சொல்லுக்கு எழுத்துப்பிழை இருக்கிறது என்று திருத்திக் கொடுத்தேன். எழுத்துப்பிழை, தம்பி. அந்த மேசையில் நான் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

அப்போது என் சட்டைப் பையில் ரொறன்ரோவில் ஒரு லாபிலிருந்து வந்த வேலைக் கடிதம் இருந்தது. மூடப்போவதை அறிவித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை தேடுவார்கள், முந்திக்கொண்டவனுக்குத்தான் இடம் என்று நான் பனிக்காலத்திலேயே எழுதிப் போட்டிருந்தேன். ஜூனில் விடுமுறைக்குப் போவதாக ஊருக்குச் சொன்னேன். பெட்டி அடுக்கும்போது என் சேர்ட்டிபிக்கேட்டுகளையும் வைக்கச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஹொலிடேக்குப் போகிறவர்களுக்கு அவை எதற்கு என்று கேட்டார். அப்போதுதான் அம்மாவுக்கே சொன்னேன். உடனே போய் ஹாஜராவிடம் சொல்லவேண்டும் என்றார். பிள்ளைக்காவது சொல்லவேண்டும் என்றார். மனேஜருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் கையில் வந்த வேலையும் போய்விடும், பிள்ளைக்குச் சொன்னால் ஒரு மணித்தியாலத்தில் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நான் தடுத்துவிட்டேன். அது பொய்யான காரணம் இல்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. உன் முகத்தையும் ஹாஜராவின் முகத்தையும் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மிச்சம் உனக்கே தெரியும். உன் ஸ்கேட்ஸைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தாய். பிளேன் நிற்கிற இடம்வரை ஜோனசி ஓடிவந்தான். இரண்டு கிழமையில் வந்துவிடுவேன் என்று நீ கத்தினாய், அவன் கையை ஆட்டினான். நிசாம் ஒரு சாப்பாட்டுப் பார்சலை என் கையில் தந்து, "போயிட்டு வாங்க, அண்ணை" என்றான். ஸ்காபரோவில் பதினோராம் மாடிக்கு வந்த பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று தள்ளினேன். செப்டெம்பர் வந்து உன்னை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன வழியில்தான் நீ விளங்கிக்கொண்டாய். நீ கத்தவில்லை. "ஜோனசிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாய். தெரிந்திருக்கும் என்றேன். அதற்குப் பிறகு பனி விழும்வரை நீ என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அவனுக்குக் கடிதம் எழுதி, பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதி, இன்றுவரை ரெலிபோனில் கதைக்கிறாயே, அது உன் கெட்டித்தனம். அதில் எனக்கு ஒரு பங்குமில்லை.

நாங்கள் வந்து மூன்றாம் கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரையும் கூப்பிட்டு மனேஜர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாராம். இதெல்லாம் பிறகு நிசாம் சொல்லித்தான் தெரியும். வாசித்து முடிய ஒவ்வொருவராக எழும்பித் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்களாம். வேறெந்த நாளையும்விட அன்றைக்குத்தான் சாப்பாடு அதிகம் போனது என்றான். பிறகு ஒவ்வொரு பிளேனாக ஊர் காலியானது. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கரை இனுவிட் ஊரிலிருந்து ஆட்கள் படகுகளில் வந்து கதவு, யன்னல், பலகை என்று பிரயோசனமானவற்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நல்ல காரியம், வேறு யாருக்கு அவை உதவும். பள்ளிக்கூட மேசைகளும் அங்கேதான் போயின. கடைசிக் கப்பல் தாதை ஏற்றிக்கொண்டு போனதும் குகை வாசல்களைக் கல்லால் அடைத்தார்கள். ஹாஜரா தக்காளிப் பேணிகளை ஜோனசியின் தாயிடம் கொடுத்துவிட்டு ஓகஸ்ட் முடிவில் ஏறினாள். எண்ணிப் பார்த்தால் பதினைந்து மாதம். ரொறன்ரோவுக்கு வந்து ரெக்ஸ்டேலில் இருந்துகொண்டு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினாள். ஊர் வேலைக்குத் திரும்ப எழுதிக் கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது.

நான் அவர்களைத் தேடிப் போகவில்லை. இரண்டு பஸ் எடுத்தால் போய்விடக்கூடிய தூரம். நான்கு வருஷம் போகவில்லை. ஒருநாள் அம்மா பஸ்ஸில் ஹாஜராவைக் கண்டு, அங்கேயே அழுது, அடுத்த ஞாயிறே குடும்பத்தோடு நாங்கள் அப்போது இருந்த அஜின்கோர்ட் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். நீ அன்றைக்கு ஹொக்கி விளையாடப் போயிருந்தாய். சாப்பாடு முடிந்தது. நிசாம் பழைய மாதிரியே "அண்ணை, அண்ணை" என்று கதைக்கக் கதைக்க எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் கல் வந்தது, பத்திரம் நிரப்பியது, வேலைக் கடிதம் பையில் இருந்தது, எல்லாம்.

"எனக்கும் தெரியும், அண்ணை" என்றான் நிசாம். ஹாஜரா கடிதம் வாசித்ததற்கு முந்தின மாதம், மார்ச்சில், கப்பல் ஓடருக்கு மாக் கணக்குக் கொடுத்தவன் அவன்தானாம். வழமையான அளவைச் சொல்லி அனுப்ப, நாலில் ஒரு பங்கு போதும் என்று திருத்தி வந்ததாம். மா வேண்டாத ஊரில் சனம் இருக்கப்போவதில்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் ஹாஜரா தக்காளிக்கு விதை பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் சொல்ல வாய் வரவில்லை என்றான். அவளுடைய கடிதத்தைத் தபால் பையில் கொண்டுபோய்ப் போட்டதும் அவன்தான்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஆறுதலாகச் சிரித்தோம் என்றுகூடச் சொல்லலாம். அப்போதுதான் ஹாஜரா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் அந்தக் கடிதத்தை வாசிச்ச நேரம், மேசையில இருந்த ஆம்பிளையள் ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள். "எழுதின எனக்குத்தான் தெரியாது."

நான்தான், சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாயா தங்கச்சி என்று கேட்டேன். என் பக்கத்தைக் கொஞ்சம் நல்லதாக்கலாம் என்ற எண்ணம்.

"வந்திருப்பன், அண்ணை. அந்தப் பதினைஞ்சு மாசத்தை நான் ஆருக்கும் குடுக்கமாட்டன். ஆனா தெரிஞ்சுகொண்டு வந்திருப்பன். லீவை நீட்டியிருப்பன்."

மூன்று மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நிசாம் தனியே வந்து போனான். நோன்புப் பெருநாளுக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் அனுப்பினாள். அதற்கடுத்த கிழமை அவளே வந்தாள். இப்போது சிறுவர் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். இந்தக் கிழமை உனக்குக் கம்பளிச் சொக்ஸ் கொண்டுவந்து தரப்போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். வாங்கிக்கொள். அங்கே கால் ஈரமானால் மற்றதெல்லாம் பிழையாகிவிடும்.

என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. ஊர் மூடுண்டதில் யாருடைய பிழையும் இல்லை. கல்லில் இருந்தது முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அப்படி முடியப்போகிற ஊருக்குப் பள்ளிக்கூடமும் குளமும் கட்டி வாழ்ந்ததை முட்டாள்தனம் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நீயும் அதற்குப் பயப்படாதே. எங்கே போனாலும் யன்னலுக்குத் திரை தை, பக்கத்து வீட்டாரின் பெயரைத் தெரிந்துகொள். எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் தாங்கமாட்டார்கள் என்று அவர்களுக்காக நானே முடிவெடுத்தேன். ஆனால் நீயும் தாங்கினாய், ஹாஜராவும் தாங்கினாள், அம்மாவும் தாங்கினார். தாங்க மாட்டாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதவைத்தது உன் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி மட்டுமல்ல. புதன்கிழமை காரில் வரும்போது நீ ஒன்று சொன்னாய். சுரங்கத்துக்குப் பிளேன் ஏறுகிற யெலோநைஃபில் மூன்று வருஷம் இருப்பதாகக் கையெழுத்து வைத்திருக்கிறாய். நீ கட்டப்போகிற மதுராவுக்கு ஒரு வருஷம் என்றுதான் தெரியும். "கலியாணம் முடியச் சொல்லுவம், அப்பா. இப்ப சொன்னா குழம்பிப்போவாள்." நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பழக்கதோஷம்.

மதுரா வருகிற கோடையில் நர்சிங் முடிக்கப்போகிற பிள்ளை. அவள் இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னாளாம். யெலோநைஃபிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவள் அங்கேயும் ஒன்று போடலாம். இல்லை, மூன்று வருஷம் முடியட்டும், பிறகு கலியாணம் என்று சொல்லலாம். உன்னைத் திட்டிவிட்டு நாலு நாள் கதைக்காமல் இருக்கலாம். எதைச் செய்தாலும் அது அவள் செய்ய வேண்டியது. நாளை பின்னேரம் அவள் சாப்பிட வருகிறாள். அவள் வந்ததும் நானும் அம்மாவும் ஒரு மணித்தியாலம் வெளியே நடந்துவிட்டு வருவோம். நீ சொல்லு. அவள் என்ன சொல்கிறாள் என்பதை முழுக்கக் கேள். நடுவில் சமாதானம் சொல்லாதே.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எங்கேயாவது போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்யப்போவதில்லை. உன் கையில் தந்துவிட்டு, நீ வாசித்து முடிக்கும்வரை குசினியில் உனக்கு எதிரே இருப்பேன். என்ன கேட்க வேண்டுமென்றாலும் கேள்.

அப்பா